கட்டின குதிரை நகராது என்றேன், நகர்ந்துவிட்டது: சுங்கை சிப்புட், 5-ஆம் சுற்று

பழைய கிராணி | ஞாயிறு, இரவு 9.40

நேற்று நம்மூர் மண்டபத்தில் நடந்த போட்டியில் 5-ஆம் சுற்றில் தோற்றேன். தோற்பது எனக்குப் புதிதில்லை. தோற்ற விதம்தான் ராத்திரி தூங்க விடவில்லை. வீட்டில் சொன்னால் "இதுக்கா இவ்வளவு" என்பார்கள், அதனால் இங்கே கொண்டுவந்து போடுகிறேன்.

ஏழு சுற்று, ஸ்விஸ் முறை, ஆளுக்கு 25 நிமிடம். எனக்கு வெள்ளை. எதிரே ஐந்தாம் ஆண்டு படிக்கிற பெண் பிள்ளை, 11 வயது. பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு காலை மடித்துப் போட்டு உட்கார்ந்துகொண்டது. ஒரு செருப்பு கழன்று என் பக்கம் வந்து கிடந்தது, ஆட்டம் முடியும்வரை அதைத் தேடவே இல்லை.

காய்ப் பெயரை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், போன தடவை மாதிரி சண்டை வேண்டாம். நான் மந்திரி என்றால் குறுக்கே ஓடும் பிஷப். யானை என்றால் மூலையில் நிற்பது. டி4, எஃப்6 எல்லாம் கட்டத்தின் பெயர். ஒவ்வொரு வரியிலும் முதலில் என் நகர்வு, அடுத்து பிள்ளையின் நகர்வு.

1. டி4, டி5
2. சி4, ஈ6
3. குதிரை சி3, குதிரை எஃப்6
4. மந்திரி ஜி5, பி8 குதிரை டி7
5. சி சிப்பாய் டி5-ஐ எடுத்தது, ஈ சிப்பாய் திருப்பி எடுத்தது

இந்த இடத்தில் பலகையைப் பார்த்தேன். டி5-இல் கறுப்புச் சிப்பாய். என் சி3 குதிரை அதைக் குறிவைத்து நிற்கிறது. ராணி காப்பாற்றலாம் என்றால் நடுவில் டி7-இல் சொந்தக் குதிரையே மறைக்கிறது. மிச்சம் எஃப்6 குதிரை. அதை என் மந்திரி ஜி5-இலிருந்து கட்டி வைத்திருக்கிறது, நகர்ந்தால் பின்னால் இருக்கும் ராணி போய்விடும். ஆக, சிப்பாய் சும்மா கிடக்கிறது!

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பத்து வருஷமாக வெள்ளைப் பலகையில் நான் எழுதிப்போடும் முதல் வாசகமே 'கட்டின குதிரை நகராது' என்பதுதான். தோட்டத்துக் காலைப் பெரட்டில் வருகை எடுக்கப் பேர் கூப்பிட்டதும் கை தூக்குகிற மாதிரி சட்டென்று டி5-ஐ எடுத்தேன். இரண்டு விநாடிகூட ஆகியிருக்காது.

பிள்ளை கையை மடியில் வைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. விரைவு ஆட்டத்தில் நகர்வு எழுத வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் கிராணிப் புத்தி போகுமா, நான் எழுதுவேன், ஓரத்தில் இருவர் நேரத்தையும் குறிப்பேன். அதன் கடிகாரம் 22-இலிருந்து 18-க்கு இறங்கியது. சிப்பாய் போன வருத்தம் என்று நினைத்து ஆறுதலாகச் சிரித்துக்கூட வைத்தேன்.

அப்புறம் அந்தக் கட்டின குதிரை என் குதிரையை எடுத்தது. நான் சந்தோஷமாக டி8-இல் ராணியை எடுத்தேன். எஃப்8 மந்திரி பி4-இல் வந்து உட்கார்ந்தது.

"செக், தாத்தா."

குதிரை சி3-இலேயே இருந்திருந்தால் இந்தச் செக் கிடையாது. வழியைத் திறந்துவிட்டதே நான்தான். ராஜாவுக்கு ஓட ஒரு கட்டம் இல்லை. மறைக்க ஒரே வழி, ராணி டி2. மந்திரி ராணியை எடுத்தது, நான் மந்திரியை எடுத்தேன், அதன் ராஜா டி8-இல் என் மந்திரியை எடுத்தது. தூசி அடங்கியதும் எண்ணிப் பார்த்தால் எனக்கு ஒரு சிப்பாய் லாபம், ஒரு குதிரை நஷ்டம்.

நடுவர் மலாய்த் தம்பி. ஆட்டம் முடிந்ததும் மெதுவாக வந்து "பெராங்காப் காஜா, பாக்சிக்" என்று சிரித்துவிட்டுப் போனார். யானைப் பொறியாம்.

இப்போது என் கேள்வி. இது யாரோ மனப்பாடம் பண்ணிக் கொடுத்த பொறிதானே? பிள்ளையிடம் கேட்டேன், "தெரியாது தாத்தா" என்றது. நான் நம்பவில்லை. பத்து, பதினொன்று வயதுப் பிள்ளைகளுக்கு அடிப்படையை விட்டுவிட்டு இப்படிப் பொறிகளைச் சொல்லிக்கொடுப்பது சரியா?

---

ஈப்போ ரோடு மணி | இரவு 9.52

முப்பது வருஷம் தோட்டத்தில் ஆள் கணக்கு, செக்ரோல் எழுதிய கிராணிக்கே செக் வருவது தெரியவில்லையா அண்ணே. 😄

---

நாலாம் பலகை | இரவு 10.15

ஐயா, கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வெள்ளைப் பலகை வாசகம்தான் உங்களைத் தோற்கடித்திருக்கிறது.

கட்டு இரண்டு வகை. பின்னால் ராஜா இருந்தால் அந்தக் காய் நகரவே கூடாது, சட்டமே விடாது. பின்னால் ராணி இருந்தால் சட்டம் எதுவும் சொல்லாது. நகர்ந்தால் நஷ்டம் வரும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். ராணியைக் கொடுத்து அதைவிடப் பெரியது கிடைத்தால், அல்லது கொடுத்த ராணி இரண்டு நகர்வில் திரும்பி வந்தால், அந்தக் குதிரை தாராளமாக நகரும். உங்களுக்கு நடந்தது இரண்டாவது.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். 4-ஆம் நகர்வில் குதிரையை டி7-இல் வைப்பதைப் பொறி என்று சொல்வதே தப்பு. வெள்ளை அந்தச் சிப்பாயை எடுக்காவிட்டால் கறுப்புக்கு எந்த நஷ்டமும் இல்லை. அது காய் வெளியே கொண்டுவரும் சாதாரண நகர்வு. அதே குதிரையை வைத்துவிட்டு சி6 தள்ளி, ராணியை ஏ5-க்குக் கொண்டுபோகும் ஒரு முறை இருக்கிறது. 1904-இல் அமெரிக்காவில் கேம்பிரிட்ஜ் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் நடந்த போட்டியில் பேர் வாங்கியதால் ஊர்ப் பெயரே அதற்கு நின்றுவிட்டது. 1927-இல் புவெனஸ் ஐரஸில் கப்பாபிளாங்காவும் அலெகினும் உலகப் பட்டத்துக்கு 34 ஆட்டம் ஆடினார்கள், இரண்டைத் தவிர மற்ற எல்லாமே நீங்கள் ஆடிய இதே தொடக்கம், ராணிப் பலி மறுப்பு வகைதான். அதில் இந்த டி7 குதிரை எத்தனை தடவை வந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் விழுந்த குழியில் முதலில் விழுந்தவர் என்று பதிவாகியிருப்பவர் கார்ல் மேயட். 1848, பெர்லின். எதிரே டேனியல் ஹார்விட்ஸ். ஆக 170 வருஷத்துக்கு மேலாக ஆட்கள் விழுந்துகொண்டே இருக்கிறார்கள், நீங்கள் தனியாள் இல்லை.

இன்னொன்று. 7-இல் ராணியை எடுத்ததற்காக வருத்தப்படாதீர்கள். அதன் குதிரை எஃப்6-ஐ விட்டுப் போனதுமே, உங்கள் ஜி5 மந்திரிமேல் அந்த ராணியின் கண் விழுந்துவிட்டது. எடுக்காமல் பின்வாங்கினாலும் குதிரை போனது போனதுதான். தப்பு 6-ஆம் நகர்வு ஒன்றே.

---

எல்பில் பேரன் | இரவு 10.31

1848 என்பதை 1948 என்று படித்துவிட்டு ஒரு நிமிஷம் பயந்துபோனேன். நம்மூரில் அந்த வருஷத்தைச் சொன்னாலே ஜூன் 16-தான் ஞாபகம் வரும். எங்கள் தோட்டத்துத் துரையையும் பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு பேரையும் ஒரே நாளில் சுட்ட கதையை ஆயா சொல்லிச் சொல்லியே வளர்ந்தோம். மன்னிக்கவும், சம்பந்தமில்லாத பேச்சு. ஆட்டத்தைத் தொடருங்கள்.

---

ரவாங் டீச்சர் | இரவு 10.48

நான் கிராணி ஐயா கட்சி. தமிழ்ப்பள்ளியில் எட்டு வருஷமாகச் சதுரங்கக் கழகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். மாவட்டப் போட்டிக்கு முந்தின வாரம் அப்பாக்கள் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டி அனுப்பிவிடுகிறார்கள். பிள்ளை வந்து ராணியை எச்5, மந்திரியை சி4, எஃப்7-இல் மேட் என்று நாலு நகர்வு ஆசையோடு உட்காரும். எதிராளி ஒரு சிப்பாயை ஜி6-இல் வைத்து ராணியை விரட்டினால் அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் விழிக்கும். அழுகிற பிள்ளையைச் சமாதானம் செய்வது யார், அப்பாவா? நான்தானே.

பொறி வைத்துப் பழகிய பிள்ளை எதிராளி தப்பு செய்யக் காத்திருக்கும். நல்ல நகர்வைத் தேடாது. மாநில அளவுக்குப் போனால் அங்கே யாரும் தப்பு செய்ய மாட்டார்கள், அவ்வளவுதான் கதை.

---

நாலாம் பலகை | இரவு 11.05

டீச்சர், நாலு நகர்வு மேட்டையும் இதையும் ஒரே கூடையில் போடாதீர்கள். அங்கே ராணியை வெளியே இழுத்துவிட்டு அடி வாங்குவது பொறி வைத்தவரே. இங்கே வைத்தவருக்கு ஒரு காசு செலவில்லை.

செலவோடு வரும் பொறி வேண்டுமானால் இதே டி4 குடும்பத்தில் ஒன்று இருக்கிறது. டி4 டி5, சி4-க்கு ஈ6 தள்ளாமல் ஈ5 என்று எதிர்ப்பலி கொடுப்பது, ஆல்பின் முறை. வெள்ளை ஈ5-ஐ எடுக்கும், கறுப்பு டி4 தள்ளும். அங்கே வெள்ளை அவசரப்பட்டு ஈ3 என்றால் மந்திரி பி4-இல் செக். மந்திரியால் டி2-இல் மறைத்தால் டி சிப்பாய் ஈ3-ஐ எடுக்கும். பி4 மந்திரி சும்மா கிடக்கிறதே என்று எடுத்தால் அந்தச் சிப்பாய் எஃப்2-ஐயும் எடுத்துச் செக் கொடுக்கும். ராஜா ஈ2. இப்போது சிப்பாய் ஜி1 குதிரையை எடுத்து ராணியாக மாறாமல் குதிரையாக மாறும், செக்! யானை அதை எடுத்தால் கறுப்பின் இன்னொரு மந்திரி ஜி4-இல் செக், ராணி காலி. லாஸ்கர் பொறி என்பார்கள். பிள்ளைகளுக்குக் காட்டினால் சிப்பாய் குதிரையாகும் இடத்தில் கை தட்டுவார்கள். ஆனால் வெள்ளை ஈ3 தள்ளாமல் நிதானமாகக் குதிரையை எஃப்3-இல் வைத்தால் கறுப்பு ஒரு சிப்பாயைக் கொடுத்துவிட்டு மிச்ச ஆட்டத்தை ஓட்ட வேண்டும். டீச்சர் சொல்வது இந்த மாதிரிப் பொறிக்குத்தான் பொருந்தும்.

---

பாடாங் ரெங்காஸ் தம்பி | திங்கள், காலை 7.20

எனக்கு ஒரே சந்தேகம். யானைப் பொறி என்கிறீர்கள், யானை எங்கே? இரண்டு பக்கமும் நாலு யானையும் மூலையில் தூங்கிக்கொண்டிருக்கின்றன.

---

பழைய கிராணி | காலை 7.55

தம்பி, நானும் அதைத்தான் நடுவரிடம் கேட்டேன். அவர் பி4-இல் இருந்த மந்திரியைத் தொட்டுக் காட்டினார். மலாயில் காஜா என்றால் பிஷப். பள்ளிக்கூடத்தில் ஆடியவர்களுக்கு இது தெரியும், எனக்கும் தெரியும்தான், ஆனால் தலைக்குள் யானை என்றால் மூலைக்குப் போய்விடுகிறது. அவர்கள் கணக்குப்படி பொறியை முடித்துவைத்ததே யானைதான். பேர் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது பாருங்கள்.

---

ஈப்போ ரோடு மணி | காலை 8.10

அதோடு முடியவில்லை. மந்தெரி என்றால் அவர்களுக்கு ராணி. நம் மந்திரி அவர்களுக்கு யானை, நம் ராணி அவர்களுக்கு மந்திரி. நான் இடைநிலைப் பள்ளியில் முதல் ஆட்டம் ஆடும்போது எதிராளி "மந்தெரி கேனா மாக்கான்", அதாவது மந்தெரி வெட்டுப்படும் என்றான், நான் என் பிஷப்பைத் தூக்கி ஓரமாக வைத்தேன். ராணி போச்சு. தொட்ட காயை நகர்த்த வேண்டும் என்ற சட்டம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

---

நாலாம் பலகை | காலை 8.34

மூலையில் நிற்பதை அவர்கள் தீர் என்பார்கள். அது நம் தேர்தான், தமிழிலிருந்து போன சொல். நாம் தேரை அவர்களிடம் கொடுத்துவிட்டு அந்த இடத்தில் யானையைக் கட்டிவைத்துக்கொண்டோம்.

---

ரவாங் டீச்சர் | காலை 10.05 (ஓய்வு நேரம்)

அதனால்தான் நான் கழகத்தில் மூன்று பெயரும் எழுதி ஒட்டியிருக்கிறேன். நடுவர் மலாயில் பேசுவார், காணொளி ஆங்கிலத்தில் வரும், வீட்டில் தாத்தா தமிழில் சொல்வார். சரி, பேச்சு எங்கேயோ போகிறது. ஐயா, ஒரு குதிரை போன பிறகு ஆட்டம் எப்படி முடிந்தது? அதைச் சொல்லவே இல்லையே. 10-ஆம் நகர்வில் கை கொடுத்துவிட்டீர்களா?

---

பழைய கிராணி | பிற்பகல் 1.15

கை கொடுப்பதா? 11 வயதுப் பிள்ளை, ஒரு காய் அதிகம் இருந்தாலும் எங்காவது கோட்டை விடும் என்று நம்பினேன். ஈ4 தள்ளினேன், டி5 குதிரை எஃப்6-க்குத் திரும்பியது, எஃப்3 வைத்துக் காத்தேன். நடுவில் டி4, ஈ4 என்று இரண்டு சிப்பாய் ஜோடியாக நிற்கிறது, பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. இரண்டு ராஜாவும் கோட்டை கட்ட முடியாமல் நடுவில். இதுதான் என் நேரம் என்று நினைத்தேன்.

பிள்ளை என் சிப்பாய்களைச் சீண்டவே இல்லை. வாய்ப்புக் கிடைத்தால் ஒரு மாற்று. காய்க்குக் காய். நான் விலகினால் துரத்தி வந்து மாற்றியது. ஒரு ஜோடி யானை போனது, மந்திரி போனது, இன்னொரு ஜோடி யானையும் போனது. ஒவ்வொரு மாற்றுக்கும் எடுத்த காயைப் பக்கத்தில் படுக்கவைக்காமல் நிற்கவைத்து, முகத்தை எல்லாம் ஒரே பக்கம் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தது. பாசாரில் மீன் அடுக்குகிற மாதிரி. எனக்கு அந்த வரிசையைப் பார்க்கப் பார்க்க எரிச்சல்.

30-ஆம் நகர்வுக்குள் மிஞ்சியது அதற்கு ஒரு குதிரையும் சிப்பாய்களும், எனக்கு வெறும் சிப்பாய்கள். குதிரை என் சிப்பாய்களை ஒன்றொன்றாக மேய்ந்தது. 38-இல் கை கொடுத்தேன். என் கடிகாரத்தில் ஒன்றரை நிமிடம், அதனிடம் ஆறு.

கை கொடுத்தபோது பிள்ளை கேட்டது, "தாத்தா, என் செருப்பு உங்ககிட்ட இருக்கா?"

---

நாலாம் பலகை | பிற்பகல் 1.40

காய் அதிகம் இருந்தால் காயை மாற்று, சிப்பாயை மாற்றாதே. இதை அந்தப் பிள்ளைக்கு யாரோ நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். டீச்சர், இது பொறிப் பிள்ளை ஆடுகிற ஆட்டம் இல்லை.

இனி இந்த இடம் வந்தால் 6-இல் ஈ3 வையுங்கள் ஐயா. மந்திரி டி3, ராணி சி2, கோட்டை கட்டிக்கொள்ளுங்கள். கறுப்பு பெரும்பாலும் சி6 வைத்து டி5-ஐத் தாங்கும். அப்புறம் பி சிப்பாயை பி4, பி5 என்று தள்ளி அந்த சி6-ஐ உடையுங்கள். இரண்டு சிப்பாயை வைத்து மூன்று சிப்பாயை இடிப்பது, சிறுபான்மைத் தாக்குதல். நம்மவர்களுக்குப் பழகிய விஷயம்தான், சொல்லித் தர வேண்டியதில்லை. 😊

2024-இல் சிங்கப்பூரில் குகேஷ் உலகப் பட்டம் வாங்கினாரே, அவர் முதலில் ஜெயித்தது 3-ஆம் ஆட்டம். அதிலும் டி4-தான், 4-ஆம் நகர்வில் உங்களை மாதிரியே டி5-இல் மாற்றிக்கொண்டார். 37-ஆவது நகர்வில் டிங் லிரெனின் நேரம் முடிந்துபோனது. அதே சிப்பாய் அமைப்பில் இன்னும் எத்தனை வழி இருக்கிறது என்று பார்க்க அந்த ஆட்டத்தைப் பலகையில் வைத்து ஆடிப் பாருங்கள்.

---

லிந்தாங் சித்தப்பா | திங்கள், இரவு 8.20

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அந்தப் பிள்ளை என் அண்ணன் மகள். செருப்பு விஷயம் படித்துத்தான் உறுதி செய்தேன்.

கிராணி ஐயா, பிள்ளை உங்களிடம் பொய் சொல்லவில்லை. இன்று சாப்பிடும்போது பலகையை வைத்துக் கேட்டேன். டி7-இல் குதிரையை வைத்தது பழக்கத்தில். நீங்கள் டி5-ஐ எடுத்ததும் சிப்பாய் போச்சு என்றுதான் அதுவும் நினைத்திருக்கிறது. "அப்புறம் ஏன் நாலு நிமிஷம்?" என்றேன். "தாத்தா சிரிச்சாரு. ஏதோ இருக்குன்னு பார்த்தேன்" என்கிறது.

முதலில் குதிரையால் எடுத்தால் ராணி போகும் என்று விட்டுவிட்டதாம். வேறு எதுவும் இல்லாததால் மறுபடி அதற்கே வந்து, 'ராணி போன பிறகு நான் என்ன பண்ணலாம்' என்று பார்த்திருக்கிறது. அப்போதுதான் பி4 தெரிந்ததாம். பொறிக்குப் பேர் இருக்கிறது என்பதே நடுவர் சொல்லித்தான் தெரியும். வீட்டில் சதுரங்கம் தெரிந்தவர் அண்ணன் ஒருவர்தான், அவரும் ஆலையில் ஷிப்ட் வேலை. காய் மாற்றுவதை மட்டும் அவர் சொல்லிக்கொடுத்தார்.

---

ஈப்போ ரோடு மணி | இரவு 8.26

ஆக, சிரித்தது யார் தப்பு?

---

ரவாங் டீச்சர் | இரவு 8.45

நான் சொன்னதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நாலு நகர்வு மேட்டைப் பற்றிச் சொன்னது அப்படியே நிற்கும்.

சித்தப்பா, பிள்ளையை மாவட்டத் தேர்வுக்கு அனுப்புங்கள். பள்ளியில் கழகம் இல்லை என்றால் தனிச்செய்தியில் சொல்லுங்கள், என்ன செய்யலாம் என்று பார்க்கலாம்.

---

பழைய கிராணி | இரவு 9.30

தம்பி, பிள்ளையிடம் தாத்தா மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். நம்பாமல் விட்டது என் தப்பு.

வெள்ளைப் பலகையை இன்று மத்தியானம் போய் அழித்துவிட்டேன். 'கட்டின குதிரை நகராது' என்பதற்குப் பதில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. 'பின்னால் ராஜாவா ராணியா பார்' என்று எழுதினேன், ஏழு வயதுப் பிள்ளைகளுக்குப் புரியுமா என்று சந்தேகம். மூன்று நாலு பிள்ளைகள் கோயிலடியில் விளையாடிக்கொண்டிருந்தார்கள், கூப்பிட்டு 5-ஆம் நகர்வு வரைக்கும் அடுக்கி, வெள்ளை என்ன ஆடலாம் என்றேன். நாலு பேரும் ஒரே குரலில் டி5-ஐக் காட்டினார்கள். "குதிரை எடுக்காதா?" என்றேன். "கட்டியிருக்கு சார், நகராது!"

யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்கவில்லை.

---

பாடாங் ரெங்காஸ் தம்பி | இரவு 9.41

கடைசியாக ஒரு கேள்வி. 8-இல் ராணி டி2 வந்ததும், கறுப்பு உடனே ராணியை எடுக்காமல் ராஜாவால் டி8 மந்திரியை முதலில் எடுத்தால்? வெள்ளை ராணி பி4 மந்திரியை எடுத்துத் தப்பிவிடாதா?

---

நாலாம் பலகை | இரவு 9.58

எடுக்கட்டும். டி5 குதிரை பி4-இல் ராணியைத் திருப்பி எடுக்கும். காய்க் கணக்கு அதேதான், கறுப்புக்கு ஒரு குதிரை லாபம். அதோடு குதிரை பி4-இல் உட்கார்ந்து அடுத்து சி2-இல் செக் கொடுத்து மூலை யானையையும் கேட்கிறது. வெள்ளை யானையை சி1-க்கு நகர்த்திக் காத்தால் ஏ2 சிப்பாயைச் சாப்பிடும். ராஜாவை டி2-க்குக் கொண்டுபோய் சி2-ஐப் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும், ஆனால் போட்டியில் அந்தப் பிள்ளை மாதிரி ராணியை முதலில் கையில் எடுத்து வைத்துக்கொள்வது நிம்மதி.